கிடத்தக் கூடாத கோல்

வாசலில் நின்ற பெண்ணின் கழுத்தில் ஓர் அடையாள அட்டை தொங்கியது. அதைக் கண்டதுமே கவுன்சில் ஆள் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், "நாங்கள் தெருவிலிருந்து ஒன்றும் எடுப்பதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவள் அதுவரை எதைப் பற்றியும் கேட்கவே இல்லை. குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த எனக்கு, எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல உதாரணம் இனிக் கிடைக்காது என்று தோன்றியது.

இவர் என்றால் என் கணவர். மெல்பேர்ணில், ரோவிலில் இருக்கிறோம். இவருக்கு வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை, எனக்கு ஸ்பிரிங்வேலில் ஒரு மருந்துக்கடையில் வேலை. இங்கே இடைக்கிடை வேண்டாத தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவோரம் வைத்தால் கவுன்சில் லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். லொறி வருவதற்கு முன் வேறு ஆட்கள் எடுக்கக் கூடாது என்பது சட்டம். எடுக்காதவர்கள் யாரும் இல்லை என்பது நடைமுறை. இவர் நடைமுறையின் பக்கம். எங்கள் கராஜில் ஒரு வாகனம் நின்றதை நான் இதுவரை கண்டதில்லை. கால் உடைந்த கதிரை, காற்று வராத காற்றாடி, யாரோ ஒருவருடைய பிள்ளை வளர்ந்துபோனதால் கழித்துவிட்ட தொட்டில், எல்லாம் அங்கே இருக்கின்றன.

அந்தக் கோலும் அப்படித்தான் வந்தது. இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டு வாசல் புல்லில் குத்தி நின்றதாம். இவர் வானை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் அதை வானுக்குள் பெயின்ட் வாளிகளுக்கு நடுவே போட மனம் வராமல், வானை அங்கேயே விட்டுவிட்டு, கோலைக் கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். காவடி வருவதுபோல் வந்தார். வானை எடுக்கத் திரும்பவும் நடந்து போனார்.

தோள் உயரம் இருக்கும். முழுக்க இரும்பு, இடையிடையே பித்தளை வளையங்கள். பாதிக்கு மேலே கவிழ்த்து வைத்த சின்னக் குவளைகள்போல் வரிசையாகச் சில, அசைத்தால் கிலுங்கும். உச்சியில் சிறகு மடித்து ஒரு பறவை. அடி கூராக இருந்தது.

"முருகன்ரை சேவற்கொடி," என்றார் இவர். கண் கலங்கியிருந்தது.

"கொடி எங்கை?"

"உக்கிப் போயிருக்கும்."

"கொண்டை இல்லாத சேவலோ? இது புறா."

"தேய்ஞ்சு போச்சு. உமக்கு எல்லாத்திலும் ஒரு குற்றம்."

குற்றம் பிடிப்பதற்காகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு சாமானைக் கண்டால் அது எதற்கு என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் பல்லில் நார் சிக்கியதுபோல் இருக்கும். ஃபோனில் படம் எடுத்துத் தேடிப் பார்த்தேன். ஆபிரிக்கா என்று வந்தது. அதே சாயலில் எத்தனையோ கோல்கள் வந்தன. ஒன்று அரசனுடையது, ஒன்று ஆட்டக்காரனுடையது, ஒன்று வைத்தியனுடையது என்றார்கள். எங்களிடம் இருப்பது அதில் எது, அதை வைத்து என்ன செய்வார்கள் என்று மட்டும் தெளிவாக இல்லை. இவரிடம் காட்டினேன். "முருகன் எங்கையிருந்து வந்தால் என்ன, வந்திட்டார்" என்று என் ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் சாமி அறை கிடையாது. உள்ளே நடைவழியில் ஓர் அலுமாரிக்குள் சாமிப்படங்கள் இருக்கின்றன. கோல் அதற்குள் அடங்கவில்லை. ஒரு பெயின்ட் வாளியைக் கழுவி, மணல் நிரப்பி, அலுமாரிக்குப் பக்கத்தில் அதை ஊன்றினார். வெள்ளிக்கிழமைதோறும் திருநீறு, சந்தனம், பறவையின் நெற்றியில் குங்குமம், கிடைத்தால் ஒரு செவ்வரத்தம்பூ. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு இவருடைய அண்ணன் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். காலையில் கடைக்குப் போனவர் கடையிலேயே விழுந்துவிட்டார். இவருடைய பாஸ்போட் புதுப்பிக்கப் போயிருந்தது. யார் யாரையோ கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. அங்கே மறுநாளே எடுக்கிறோம் என்றார்கள். செத்தவீட்டை ஃபோனில் நேரலையாகக் காட்டினார்கள். குசினி மேசையில் சீனிப்போத்தலில் ஃபோனைச் சாத்தி வைத்துவிட்டு இரண்டு பேரும் பார்த்தோம். பெட்டியைத் தூக்குகிற நேரம், எல்லாரும் கத்தி அழத் தொடங்கிய நேரம், படம் உறைந்துவிட்டது. ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. படம் திரும்பி வந்தபோது முற்றத்தில் வாடகைக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இவர் அழவில்லை. எழும்பினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை வீட்டில் துடக்கு, சாவுத்தீட்டு, சாமிக்கு விளக்கேற்றக் கூடாது. அலுமாரிக் கதவைச் சாத்தினார். கோல் வெளியில் நின்றது. சாவு விழுந்த வீட்டில் அது நடுவழியில் நிற்பது சரியில்லை என்று நினைத்திருக்க வேண்டும். தன்னுடைய வெள்ளை வேட்டியொன்றை எடுத்து, அதைச் சுற்றி, கராஜுக்குக் கொண்டுபோய், பலகை அறுக்கிற நீளமேசையில் கிடத்தினார். அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்தால் தேத்தண்ணியோடு கராஜுக்குள் போய் இருந்துவிடுவார். தாடி வளர்ந்தது. பேச்சுக் குறைந்தது. எனக்குக் கோபம். ஒரு மனிசன் அழுதால் என்ன, குடியா முழுகிவிடும்? ஆனால் கேட்கப் பயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் அந்தப் பெண் வந்து நின்றாள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். நாற்பது வயது இருக்கும். கறுப்புப் பெண், நைஜீரியா என்று பிறகு சொன்னாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவள் இவரைப் பார்க்கவே இல்லை, எங்கள் வானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஏணி, பின்கண்ணாடியில் பிள்ளையார்.

"எங்கள் எதிர்வீட்டு வாசல்மணியில் கமரா இருக்கிறது," என்றாள். "இன்றைக்குத்தான் அந்த மனிதர் வெளியூரிலிருந்து வந்து எனக்குக் காட்டினார். இந்த வான். இவர். நான் கவுன்சில் இல்லை. பிள்ளைகள் காப்பகத்தில் வேலை. அட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன். தயவுசெய்து ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அது நிற்கிறதா?"

எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. என் ஞாபகத்தில் தமிழாக இருக்கிறது.

அது இருக்கிறதா என்று கேட்கவில்லை. நிற்கிறதா என்றாள். எனக்கு விளங்கவில்லை. இவர் என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லிப் பிடிபட்ட முகம்.

"உள்ளுக்கு வாங்கோ," என்றேன்.

அவள் கதிரையின் நுனியில் இருந்தாள். அவளுடைய அப்பா வைத்தியசாலையில். சலரோகம், அதாவது நீரிழிவு, காலில் புண், வாரக்கணக்காக மருந்து ஏற்றியும் அடங்கவில்லை. இப்போது முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று சொல்லிவிட்டார்கள். பின்னேரம் ஒப்பரேஷன் தியேட்டர் ஒதுக்கியிருக்கிறார்கள். கிழவர் சம்மதம் கொடுக்க மறுக்கிறார்.

"பயமா?" என்று கேட்டேன். கடையில் நான் பார்க்கிற கதைதான் இது. கால் போகப் போகிறது என்றால் யாருக்கும் பயம்தான்.

"கத்திக்குப் பயமில்லை," என்றாள். "கோல் நிற்கிறதா என்று கேட்கிறார். நிற்கிறது என்கிறேன். காட்டு என்கிறார். நான் எதைக் காட்டுவேன்?"

பிறகு அது என்ன என்று சொன்னாள். அவளுடைய அப்பா ஊரில் குறி பார்த்து மருந்து கொடுக்கிறவர். அவருடைய அப்பாவும் அப்படி. அந்தத் தொழிலுக்குள் ஓர் ஆள் முழுதாக வந்த பிறகு அவருக்கென்று ஒரு கோல் செய்துகொடுப்பார்கள். அது ஊன்றி நடப்பதற்கல்ல, அடிப்பதற்கல்ல, ஆடுவதற்குமல்ல. நிற்பதற்கு. வேறு வேலை இல்லை. அந்த ஆள் உயிரோடு இருக்கும்வரை அது நின்றுகொண்டே இருக்க வேண்டும். அவர் இறந்த பிறகுதான் அதைப் படுக்க வைப்பார்கள். அது படுத்திருந்தால் அந்த ஆள் போய்விட்டார் என்று அர்த்தம்.

"என் கணவர் கிறிஸ்தவ சபைக்காரர்," என்றாள். "வீட்டில் விக்கிரகம் இருக்கக் கூடாது என்பார். நான் வைத்தியசாலையில் இருந்த நாளில் வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார். அவர்கூட அதைப் படுக்கவைக்கப் பயந்தார். புல்லில் குத்தி நிறுத்தியிருந்தார்."

என் கண் தானாகக் கராஜ் கதவுக்குப் போனது. இவருக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கும், ஆனால் அந்தப் பாதி போதுமாக இருந்திருக்க வேண்டும். கை தாடியைத் தடவிக்கொண்டிருந்தது, அப்படியே நின்றுவிட்டது.

இனி மறைக்க வழியில்லை. கராஜின் உள்கதவைத் திறந்தேன்.

நீளமேசையில் வெள்ளை வேட்டியால் தலையிலிருந்து அடிவரை மூடி அது கிடந்தது. நாள்தோறும் பார்த்துப் பழகிய எனக்கே அன்றைக்கு அது ஒரு பிரேதமாகத்தான் தெரிந்தது. அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவள் கத்தவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டாள்.

"எப்போதிலிருந்து?" என்றாள்.

சொன்னேன். எங்கள் வீட்டில் ஒரு சாவு, சாவு வீட்டில் சாமிச் சாமான் நிற்கக் கூடாது, அதனால் இப்படி, என்று வாய்க்கு வந்ததை வந்த ஒழுங்கில் சொன்னேன். அவள் விரல் மடித்து எண்ணினாள். அந்தக் கிழமைதான் புண் கறுத்தது என்றாள். சீனி ஏறிய புண்ணுக்கு நாள் நட்சத்திரம் தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நானும் மனதுக்குள் ஒருதரம் எண்ணிப் பார்த்தேன், அதையும் சொல்லவேண்டும்.

"நிமிர்த்துங்கள்," என்றாள். "எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர யாரும் அதைத் தூக்கக் கூடாது. என்னால் முடியாது. யார் படுக்கவைத்தாரோ அவரே நிமிர்த்தட்டும்."

இவர் அசையவில்லை.

"என்னப்பா நிக்கிறியள்? தூக்குங்கோ."

"துடக்கோடை எப்பிடித் தொடுறது?" என்றார். "செத்தவீட்டுக்காரன்ரை கை பட்டு அந்தாளுக்கு ஏதும் ஆகிச்சுதெண்டா? ஏற்கெனவே ஒண்டு செய்து வைச்சிருக்கிறன்."

அவருடைய பயம் பொய்யில்லை. அவருக்குத் தெரிந்த ஒழுங்கின்படி அவர் செய்தது சரி. அதே ஒழுங்கின்படி இப்போது தொடுவது பிழை. ஆனால் மணி ஓடிக்கொண்டிருந்தது, எனக்குப் பொறுமை எப்போதுமே கொஞ்சம்தான்.

"கிடந்தாலும் ஆகும், தொட்டாலும் ஆகும் எண்டா, தொட்டுப்போட்டு ஆகட்டும். கிடக்க விட்டா அந்த மனிசன் கையெழுத்து வைக்காது. வைக்காட்டி நாளைக்கு இருக்காது. இதை நான் மருந்துக்கடைக்காரியாச் சொல்லுறன், தூக்குங்கோ."

வேட்டியை விலக்கினார். அடியில் ஒரு கை, நடுவில் ஒரு கை கொடுத்து, பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் எடுத்து, நான் இழுத்துவந்த மணல் வாளியில் ஊன்றினார். குவளைகள் கிலுங்கி அடங்கின. அந்தப் பெண் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

உடனே ஃபோனில் அப்பாவைக் கூப்பிட்டாள். முதலில் ஒரு தலையணை தெரிந்தது, பிறகு ஒரு மெலிந்த முகம். அவள் தன் மொழியில் ஏதோ சொல்லிக் கோலைக் காட்டினாள். கிழவர் நெடுநேரம் பார்த்தார். அவர் கேட்க, அவள் குனிந்த தலையோடு பதில் சொன்னாள். திரும்பக் கேட்டார், திரும்பச் சொன்னாள். பேச்சு நீள நீள அவள் குரல் சின்னதாகிக்கொண்டு வந்தது.

"இது எங்கள் வீடு இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்," என்றாள் என்னிடம். "வெள்ளையும் சிவப்பும் பூசியது யார் என்று கேட்கிறார். ஒரு குடும்பம் எடுத்துவைத்துத் தங்கள் கடவுளைப்போல் பார்த்தார்கள் என்றேன். அப்படியானால் அவர்களே கொண்டு வரட்டும், கண்ணால் பார்க்காமல் கையெழுத்து இல்லை என்கிறார். வழியில் படுக்க வைக்கவும் கூடாதாம்."

"அப்ப விமானத்திலை எப்பிடி வந்தது?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்பது என் பிறவிக்குணம்.

"அப்பா அதற்கு ஏதோ சொல்லி அனுமதி கேட்டுத்தான் கட்டினார். இங்கே வந்து ஏதோ செய்துதான் நிமிர்த்தினார். அது என்னவென்று அவருக்கு மட்டும்தான் தெரியும்."

இவர் கோலை வானுக்குள் நிறுத்திப் பார்த்தார். கூரை ஒரு சாண் தடுத்தது. சரித்தால் போகும். சரிக்கலாமா என்று அவளைப் பார்த்தார். அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய கார் இன்னும் சின்னது. வேறு வழி இல்லை, பஸ்தான். அவள் முன்னால் காரில் போய் வைத்தியர்களைப் பிடித்து வைப்பதாகவும், நாங்கள் பின்னால் வருவதாகவும் பேச்சு. போகும் முன் வாசலில் என் கையைப் பிடித்தாள்.

"படுத்திருந்ததை மட்டும் அப்பாவிடம் சொல்லாதீர்கள். சொன்னால் முடிந்தது. நான்தான் செத்துவிட்டேனே, செத்தவனை வெட்டுவதற்கு எதற்குக் கையெழுத்து என்பார்."

"வாயே திறக்க மாட்டோம்," என்றேன்.

பஸ் தரிப்பில் நாங்கள் நின்ற கோலத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. சவரம் செய்யாத முகம், பெயின்ட் பட்ட காற்சட்டை, கையில் திருநீறு பூசிய இரும்புக்கோல். பஸ் வந்தது. சாரதி தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர். கோலைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார், திருநீற்றைப் பார்த்தார். எங்களை ஏற்றாமல் போனால் அடுத்த பஸ் வர எவ்வளவு நேரமாகும் என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது.

"கோயிலுக்கா?" என்றார்.

"ஓம்," என்றார் இவர் தமிழிலேயே.

"கூரான பக்கத்தை ஆட்களுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்," என்று விட்டுவிட்டார்.

இருக்கைகள் காலியாக இருந்தும் இவர் இருக்கவில்லை. இருந்தால் கோல் சரியும். கோலை இரண்டு கையாலும் பிடித்ததில் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. ஒவ்வொரு சந்திக்கும் பஸ் குலுங்க, குவளைகள் கிலுங்க, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிவப்பு விளக்கில் சாரதி இறுக்கி நிறுத்தினார். இவர் முன்னால் போனார், கோலும் சேர்ந்து போனது. நான் எழும்பி இவரைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் நாலு பேருக்கு முன்னால் நான் அப்படிச் செய்தது கிடையாது. இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

வைத்தியசாலை வாசலில் காவலாளி மறித்தான்.

"இது எதற்கு?"

நான் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. பதில் தெரிந்த அன்றைக்கு அதைச் சொல்ல முடியவில்லை. இதற்கு நிற்பதுதான் வேலை என்று சொன்னால் எங்கள் இரண்டு பேரையும் மனநோய் வாட்டுக்கு அனுப்பியிருப்பான்.

"ஊன்றுகோல்," என்றேன்.

இவர் அந்தக் கணமே நொண்டத் தொடங்கினார். பாதி தூரம் போனதும் காலை மாற்றி நொண்டினார். நான் முதுகில் குத்தினேன். காவலாளி வேறு யாருடனோ பேசத் திரும்பியிருந்தான், தப்பினோம்.

அறைக்குள் அந்தப் பெண்ணும், கையில் படிவத்தோடு ஓர் இளம் வைத்தியரும் நின்றார்கள். வைத்தியர் எங்களைப் பார்த்துச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியாமல் இருந்தார். நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். காலின் மேல் போர்வை படாமல் ஒரு கூடு கவிழ்த்திருந்தது. அந்தப் புண்ணின் மணம் எனக்குத் தெரிந்த மணம். இன்னும் ஒரு நாள் தாங்குமா என்று நினைத்தேன்.

கிழவர் கோலை மேலிருந்து கீழே பார்த்தார். இவர் கட்டிலின் காலடியில் அதை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கிழவருடைய பார்வை கோலிலிருந்து இவருடைய கைக்கு வந்து, கையிலிருந்து தாடிக்குப் போய், அங்கே நின்றது.

"யார் இறந்தது?" என்றார் ஆங்கிலத்தில். மெல்லிய குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனியாக விளங்கியது.

"என் அண்ணன்," என்றார் இவர்.

கிழவர் தலையை ஆட்டினார். பிறகு கேட்டார். "இது படுத்ததா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். எனக்குப் பொய் நன்றாக வரும். கடையில் ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு, ஒன்றுமில்லை, சுகமாகிவிடும் என்று சொல்கிறவள் நான்.

"ஓம்," என்றார் இவர். பிறகு ஆங்கிலத்தில், சொல் சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். "நான் படுக்கவைத்தேன். வெள்ளைத் துணியில். அண்ணனின் செத்தவீடு நடந்த அன்றைக்கு."

எனக்கு அந்த இடத்திலேயே இவரைக் கொன்றுபோடலாம் என்று இருந்தது. அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். வைத்தியர் படிவத்தைக் கீழே இறக்கினார். கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியவர் திறக்கவில்லை. எங்கோ ஓர் இயந்திரம் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. இனி முடிந்தது, ஓர் உயிரை வாயால் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டார். "உன் அண்ணனை யார் கிடத்தினார்கள்?"

"நான் அங்கே போகவில்லை. ஃபோனில் பார்த்தேன்." இவர் நிறுத்தினார். "தூக்கும்போது படம் நின்றுவிட்டது. தூக்கியதை நான் பார்க்கவில்லை."

கிழவர் கண்ணைத் திறந்தார். இந்த முறை கோலைப் பார்க்கவில்லை, இவரை மட்டும் பார்த்தார்.

"அப்படியென்றால் அது எனக்காகப் படுக்கவில்லை," என்றார். "ஒரு மனிதன் செத்தான். அவனுக்காக அது படுத்தது. தம்பி தன் கையால் வெள்ளை சுற்றி, கிடத்தி, பக்கத்தில் இருந்திருக்கிறான். அந்தச் சாவு வந்தது, போய்விட்டது. பிறகு நீயே அதை நிமிர்த்தினாய். உன் அண்ணனுக்குச் செய்ய வேண்டியதை நீ செய்துவிட்டாய்." வைத்தியர் பக்கம் கையை நீட்டினார். "பேனையைக் கொடுங்கள்."

மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆட்கள் வந்தார்கள், கட்டிலின் பூட்டைத் தட்டினார்கள், அந்தப் பெண் அப்பாவின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் ஓடினாள். அந்தக் கால் போனது, ஆள் மிஞ்சினார். அது எங்களுக்கு இருட்டிய பிறகுதான் தெரியும்.

கட்டில் போன அறையில் நானும் இவரும் மட்டும் நின்றோம். அப்போதுதான் அது வந்தது. முதலில் இருமல்போல ஒரு சத்தம். பிறகு, "அண்ணை" என்று ஒரு கத்தல், வெளியே நடைவழியில் போன நேர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. இத்தனை நாளும் கராஜுக்குள் தேத்தண்ணியோடு விழுங்கியதெல்லாம் ஒரேயடியாக வந்தது. ஆனால் கோலை விட முடியாது. இரண்டு கையும் அதிலேயே இருந்தன. முகத்தைப் பொத்த வழியில்லாமல், சின்னப்பிள்ளைபோல் திறந்த முகத்தோடு நின்று அழுதார்.

நான் அழாதேங்கோ என்று சொல்லவில்லை. என் சால்வைத் தலைப்பால் அவருடைய கண்ணையும் மூக்கையும் தாடியையும் துடைத்துவிட்டேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.